காயமுற்ற மாணவ வீரரின் மனம்: வீட்டாரும் பாடசாலையும் அறியவேண்டியவை

ஒவ்வோராண்டும் செப்டெம்பரில் ரொறன்ரோவின் உயர்நிலைப் பாடசாலைகளில் விளையாட்டு அணிகள் கூடத் தொடங்கும்போது, அணியில் சேரும் பிள்ளையோடு ஒரு படிவமும் வீட்டுக்கு வருகிறது. சில வீடுகளில் அது காகிதம். வேறு சில வீடுகளில் கைபேசித் திரையில் அழுத்தவேண்டிய ஒரு பொத்தான். மூளையதிர்வு பற்றிய குறிப்புகளைப் படித்ததாகப் பிள்ளையும், பிள்ளை 18 வயதுக்குக் குறைந்தவராயின் பெற்றோரும் உறுதிசெய்ய வேண்டும். இரவு வேலை முடித்து வந்த தாயோ தந்தையோ அதைப் படிக்காமலே ஒப்பமிட்டு அனுப்பிவிடுவது அரிதன்று. அந்தப் படிவத்தின் பின்னால் ஒரு மாணவியின் பெயர் இருக்கிறது.

றோவன் ஸ்ட்ரிங்கர் ஒட்டாவா நகரிலுள்ள ஜோன் மக்கிறே உயர்நிலைப் பாடசாலையில் கற்றவர், பெண்கள் றக்பி அணியின் தலைவி, வயது 17. 2013ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு வாரத்துக்குள் மூன்று ஆட்டங்களில் ஆடினார். முதலிரு ஆட்டங்களிலும் அவருக்குத் தலையில் அடிபட்டது. தலைவலி தொடர்ந்தது. தமக்கு மூளையதிர்வு ஏற்பட்டிருக்கலாம் என்ற ஐயத்தை நண்பருக்கு அனுப்பிய குறுஞ்செய்தியில் எழுதினார். அதன் அறிகுறிகளை இணையத்திலும் தேடிப் பார்த்தார். பெற்றோரிடமோ பயிற்றுநரிடமோ அவர் அதைக் கூறவில்லை. மே 8ஆம் நாள் நடந்த மூன்றாம் ஆட்டத்தில் வீழ்த்தப்பட்டவர் மீண்டும் கண்விழிக்கவில்லை. முதல் அதிர்விலிருந்து மூளை மீளுமுன் அடுத்த அடி விழுந்தமையால் ஏற்பட்ட வீக்கமே அவர் உயிரைப் பறித்தது.

2015இல் நடைபெற்ற மரண விசாரணையின் முடிவில் யூரர் குழு 49 பரிந்துரைகளை முன்வைத்தது. அவற்றின் தொடர்ச்சியாக 2018 மார்ச்சில் ஒன்ராறியோ சட்டமன்றம் ‘றோவன் சட்டத்தை’ நிறைவேற்றியது. கனடாவில் இவ்வகையில் இதுவே முதற்சட்டம். 2019 ஜூலை 1 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த இச்சட்டத்தின்படி, மூளையதிர்வு ஏற்பட்டதாக ஐயப்படும் வீரரை உடனே ஆட்டத்திலிருந்து விலக்க வேண்டும். மருத்துவரோ, நேர்ஸ் பிராக்டிஷனர் எனப்படும் உயர்நிலைத் தாதியரோ பரிசோதிக்காமல் அவர் முழுப் பயிற்சிக்கோ போட்டிக்கோ திரும்பலாகாது.

சட்டம் நல்லது. ஆயினும் அச்சிறுவயதுத் தலைவிக்குத் தம் தலையில் ஏதோ நேர்ந்திருக்கிறது என்பது தெரிந்தே இருந்தது. அறிவின்மை அவரை ஆடவைக்கவில்லை. அறிகுறியை வாய்விட்டுச் சொல்வது இன்றும் பிள்ளையின் கையிலேயே இருக்கிறது. முழங்காலில் கிழிந்த இணைப்புநாருக்கும், கணுக்காலில் வந்த எலும்புமுறிவுக்கும், ஓயாத தோள்வலிக்கும் இத்தகைய சட்டம்கூட இல்லை. பிள்ளைகள் ஏன் மறைக்கிறார்கள், மறைக்க முடியாத காயம் வந்தபின் அவர்கள் மனத்தில் நடப்பது என்ன என்பவற்றை வீட்டில் உள்ளோர் அறிந்திருப்பது அதனால்தான் அவசியமாகிறது.

விளையாட்டே அடையாளமாகும்போது

உதாரணத்துக்கு, ஸ்காபரோவில் தரம் 11இல் கற்கும் கூடைப்பந்து வீராங்கனை ஒருவரைக் கருதலாம். காலை ஏழு மணிக்குப் பயிற்சி. மாலையில் மீண்டும் பயிற்சி. சனி ஞாயிறுகளில் சுற்றுப்போட்டி. நண்பிகள் எல்லோரும் அணியினர். கைபேசியில் இடைவிடாது ஒலிக்கும் வாட்ஸ்அப் குழு அணியினுடையது. உறவினர் வீட்டு விழாவில் அவரை அறிமுகப்படுத்துவோர்கூட ‘பாஸ்கட்பால் விளையாடுகிற பிள்ளை’ என்றே சொல்கிறார்கள். பல்கலைக்கழகப் புலமைப்பரிசில் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பும் வீட்டில் மெல்ல வளர்ந்திருக்கிறது. ஒரு வியாழக்கிழமை மாலை, எவரும் தொடாமலே, குதித்திறங்கும்போது முழங்கால் உள்நோக்கி மடிந்து ‘டப்’ என்ற ஓசை கேட்கிறது. மறுநாளிலிருந்து அவருடைய நாளில் மிஞ்சியிருப்பது பாடங்களும் ஒரு சோடி ஊன்றுகோலும்தான்.

இந்நிலையை விளக்க உளவியலாளர் பிரிட்டன் புரூவரும் சக ஆய்வாளர்களும் 1993இல் ‘விளையாட்டு அடையாளம்’ என்ற கருத்தை அளவிட ஒரு வினாத்தாளை உருவாக்கினர். ஒருவர் தம்மை எந்த அளவுக்கு விளையாட்டு வீரராகவே காண்கிறார் என்பதை அது அளக்கிறது. அவ்வடையாளம் வலுவாயிருப்போர் கடுமையாகப் பயில்கின்றனர், சோர்வைத் தாங்குகின்றனர், அணிக்காக உழைக்கின்றனர். அதே அடையாளம் காயம் வந்தவுடன் அவர்களைப் பிறரினும் ஆழமாகத் தாக்குகிறது. அந்த ஆய்வுக் கட்டுரையின் தலைப்பே, இது ஹெர்குலிஸின் தசைவலிமையா, அக்கிலிஸின் குதிகாலா என்று கேட்டது. பாரதக் கதை கேட்டு வளர்ந்தோருக்குத் துரியோதனனின் தொடை நினைவுக்கு வரலாம்: உடலெல்லாம் வச்சிரமாயிருக்க, மறைத்த ஓரிடத்தில் மட்டும் மென்மை.

காயத்தை மறைப்பதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. வலியைச் சொன்னால் வாங்கில் அமர்த்திவிடுவார்கள். தன் இடத்தை வேறொருவர் பிடித்துக்கொள்வார். அணியைக் கைவிட்டவர் என்ற பெயர் வரும். இந்தக் கணக்கு ஒரு பதினேழு வயதினரின் மனத்தில் சில வினாடிகளில் முடிந்துவிடுகிறது. அணித் தலைவர்களிடமும், தேர்வாளர்கள் பார்வையிட வரும் பருவத்தில் ஆடுவோரிடமும் இது இன்னும் விரைவாக முடிகிறது. ‘வலியில்லாமல் வெற்றியில்லை’ என்று பயிற்சிக்கூடச் சுவரில் எழுதியிருப்பதையும் அவர்கள் நாள்தோறும் படிக்கிறார்கள்.

காயமுற்றவரின் மனநிலையை ஆராய்ந்த முன்னோடிகள், மரணப்படுக்கையில் உள்ளோரைப் பற்றி எலிசபெத் கியூப்ளர்-றோஸ் 1969இல் எழுதிய நூலின் படிநிலைகளை அப்படியே கடன்வாங்கினர்: மறுப்பு, சினம், பேரம், சோர்வு, ஏற்பு. நடைமுறையில் மாணவ வீரர்கள் இந்தப் படிகளில் ஒழுங்காக ஏறி இறங்குவதில்லை. காலையில் நம்பிக்கையோடு பயிற்சி செய்தவர் மாலையில் அணியின் வெற்றிப் படத்தைப் பார்த்ததும் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறார். 1998இல் டயான் வீஸ்-பியோர்ன்ஸ்டாடும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட மாதிரி இதனை மேலும் நன்றாக விளக்குகிறது. காயம் என்ன என்பதைவிட, அக்காயத்துக்கு வீரர் என்ன பொருள் கொள்கிறார் என்பதே உணர்ச்சியைத் தீர்மானிக்கிறது. உணர்ச்சி நடத்தையைத் தீர்மானிக்கிறது. நடத்தை மீட்சியைப் பாதிக்கிறது. பின்னர் மீட்சி நிலை மறுபடியும் பொருள்கொள்ளலை மாற்றுகிறது. ஒரே கணுக்கால் சுளுக்கு ஒக்டோபரில் வந்தால் சிறு தொல்லை; இறுதிப்போட்டிக்கு முந்திய வாரம் வந்தால் பெருந்துயர். மருத்துவர் எழுதும் பெயர் இரண்டு வேளையிலும் ஒன்றுதான்.

ரொறன்ரோவில் கண்டறியப்பட்டது

ரொறன்ரோப் பல்கலைக்கழக ஆய்வாளர் லிண்டா மெயின்வேரிங்கும் அவருடன் பணியாற்றியோரும் பல்கலைக்கழக வீரர்களிடையே இரு காயங்களை ஒப்பிட்டு 2010இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒன்று மூளையதிர்வு. மற்றது முழங்காலை நிலைநிறுத்தும் ஏசிஎல் என்ற இணைப்புநாரின் காயம். மூளையில் அடிபட்டவர்களுக்கே மனத்துயரும் பெரிதாயிருக்கும் என்று எவரும் எதிர்பார்ப்பர். கிடைத்த முடிவு வேறு. ஏசிஎல் காயமுற்றவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாகவும், நீண்டகாலம் நீடிப்பதாகவும் காணப்பட்டது.

காரணத்தை ஊகிப்பது கடினமன்று. மூளையதிர்வு பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தணிகிறது. கிழிந்த ஏசிஎல் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சையைக் கேட்கிறது. அதன்பின் போட்டிக்குத் திரும்ப ஒன்பது மாதமோ அதற்கு மேலோ ஆகிறது. ஒன்பது மாதம் என்பது ஒரு மாணவருக்கு ஒரு முழுப் பருவம்; தரம் 12இல் இருப்பவருக்கு அதுவே கடைசிப் பருவம். உதைபந்தாட்டம், கூடைப்பந்து போன்றவற்றில் இக்காயம் ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளுக்கே கூடுதலாக நேர்கிறது என்பதையும் பெற்றோர் அறிந்திருத்தல் நன்று.

அதற்காக மூளையதிர்வின் மனத்துயரை இலேசாகக் கொள்ள முடியாது. அதற்கென ஒரு தனிமை உண்டு. கட்டு இல்லை, ஊன்றுகோல் இல்லை, தழும்பு இல்லை. தோற்றத்தில் நலமாயிருக்கும் பிள்ளை வெளிச்சம் கூசுகிறது, இரைச்சல் தாங்கவில்லை, வாசித்தது மனத்தில் நிற்கவில்லை என்று கூறினால், பரீட்சைக்குப் பயந்து நடிப்பதாக ஆசிரியரும் தமையனும் ஐயுறுகிறார்கள். எரிச்சலும் அழுகையும் அந்தக் காயத்தின் நேரடி அறிகுறிகளாகவும் இருக்கலாம். விளையாட்டை இழந்த துயரமாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிவது மருத்துவரின் வேலை.

இருட்டறை பற்றியும் ஒரு சொல் கூறவேண்டியுள்ளது. தலையில் அடிபட்ட பிள்ளையை வாரக்கணக்கில் திரைச்சீலை மூடிய அறையில் படுக்கவைப்பதே பாதுகாப்பு என்ற எண்ணம் இன்னும் பல வீடுகளில் நிலவுகிறது. 2022இல் அம்ஸ்ரர்டாமில் கூடிய பன்னாட்டு நிபுணர் மாநாட்டின் அறிக்கை இதற்கு மாறாகக் கூறுகிறது: முதல் 24 முதல் 48 மணி நேரம் வரை திரைப் பயன்பாட்டைக் குறைத்து, இலகுவான அன்றாட அசைவுகளோடு ஓய்வெடுக்க வேண்டும், அதன்பின் மருத்துவ ஆலோசனைப்படி நடை போன்ற மெல்லிய உடலசைவு மீட்சிக்கு உதவுகிறது. நீண்ட தனிமை அறிகுறிகளையும் மனச்சோர்வையும் கூட்டவல்லது. ஒன்ராறியோப் பாடசாலைகளில் படிப்புக்குத் திரும்புவதற்கு ஒரு படிமுறையும், உடற்பயிற்சிக்குத் திரும்புவதற்கு ஒரு படிமுறையும் இருக்கின்றன. படிப்பு முதலில், போட்டி கடைசியில்.

வீட்டில் பேசப்படும் சொற்கள்

தமிழ் வீடுகளில் காயமுற்ற பிள்ளை இருவகைச் சொற்களைக் கேட்க நேர்கிறது. முதல்வகை: ‘விளையாட்டால் என்ன கண்டாய்? இனியாவது படிப்பைப் பார்.’ இதைக் கூறும் பெற்றோர் பிள்ளையின் எதிர்காலத்தை எண்ணியே கூறுகின்றனர். பிள்ளையின் காதில் அது வேறுவிதமாக விழுகிறது. தாம் இழந்தது பெரிதென்று பிள்ளை கலங்கியிருக்கும் வேளையில், இழந்தது ஒன்றுமேயில்லை என்று வீடு தீர்ப்பளிக்கிறது. அடுத்த முறை வலி வந்தால் அது வெளியில் வராது. சொன்னால் விளையாட்டையே நிறுத்திவிடுவார்கள் என்ற பாடத்தைப் பிள்ளை கற்றுவிட்டது. கண்ணூறு பட்டதென்று உப்பும் மிளகாயும் சுற்றிப்போடும் அம்மம்மாவால் கேடில்லை. அவர் குறைந்தபட்சம் நேர்ந்தது துயரம் என்று ஒப்புக்கொள்கிறார்.

இரண்டாம் வகை இன்னும் நுண்மையானது. இந்நகரின் ஈழத்தமிழ்க் குடும்பங்களில் முந்தைய தலைமுறை கண்ட காயங்கள் வேறு. எறிகணைக்குத் தப்பியோடியவர்கள், உறவுகளை இழந்தவர்கள், ஒரு பையோடு விமானநிலையத்தில் வந்திறங்கியவர்கள். அவர்கள் முன்னிலையில் ‘என் முழங்கால்’ என்று அழுவதற்குப் பிள்ளை வெட்கப்படுகிறது. பெற்றோர் எதுவும் சொல்லாவிட்டாலும் ஒப்பீடு தானாகவே நிகழ்கிறது. சொல்லிவிட்டால் துயரத்தோடு குற்றவுணர்வும் சேர்கிறது. பயிற்சிக் கட்டணத்துக்காகத் தந்தை செய்த இரண்டாம் வேலையும் அக்கணக்கில் ஏறுகிறது. இரு வலிகளை ஒரே தராசில் நிறுத்த வேண்டிய தேவை எவருக்கும் இல்லை. பதினாறு வயதில் ஒரு பருவத்தை இழப்பது அந்தப் பதினாறு வயதினருக்கு அவர் இதுவரை கண்ட இழப்புகளில் பெரியதாக இருக்கலாம். போரைக் கண்ட பெற்றோர், இழப்பைப் பற்றித் தம் பிள்ளையோடு பேசப் பிறரைவிடத் தகுதியுடையவர்கள் என்றுகூடச் சொல்லலாம், ஒப்பிடாமல் பேசினால்.

எதிர்த்திசையில் தவறும் பெற்றோரும் உண்டு. பிள்ளையைவிட ஆவலாக, ‘எப்போது திரும்ப ஆடலாம்?’ என்று வைத்தியரை முதலில் கேட்பவர்கள் அவர்கள். ஒவ்வொரு இரவும் அக்கேள்வியைக் கேட்கும் வீட்டில், இன்னும் வலிக்கிறது என்று உண்மை சொல்வது பிள்ளைக்குத் தோல்வியாகிவிடுகிறது. ‘இன்றைய பயிற்சியில் எது கடினமாயிருந்தது?’ என்று கேட்பது மேல். அக்கேள்விக்குச் சரியான விடை, பிழையான விடை என்று இரண்டில்லை.

அணியிலும் இதே கவனம் வேண்டும். காயமுற்றவரை மறந்துவிடுவது எளிது. எதிரணியைத் திட்டமிடும் பயிற்றுநருக்கு நேரமில்லை. புள்ளிக்கணக்கு எழுதவும், ஒளிப்பதிவைப் பார்த்துக் குறிப்பெடுக்கவும், இளைய அணிக்குக் கற்றுக்கொடுக்கவும் சிலரை அழைத்தால் முகம் மலர்கிறது. வேறு சிலருக்கு ஆட்டத்தை வாங்கிலிருந்து பார்ப்பதே வதை. எது வேண்டும் என்று அவரிடமே கேட்பதுதான் வழி. முதல் வாரம் ‘வேண்டாம்’ என்றவர் ஐந்தாம் வாரம் ‘சரி’ என்னக்கூடும் என்பதால் ஒருமுறை கேட்டு நிறுத்திவிடலாகாது.

மீட்சியில் மனத்தின் பங்கு

இயன்மருத்துவர் கொடுக்கும் பயிற்சித்தாளை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுவது எளிது. நாள்தோறும் மூன்று வேளை, எவரும் கைதட்டாத அறையில், காலை நீட்டி மடக்குவது கடினம். போட்டிக்குப் பழகிய மனத்துக்கு இலக்கு வேண்டும். ‘அடுத்த செப்டெம்பரில் ஆடவேண்டும்’ என்பது மிகத் தொலைவில் உள்ளது. ‘இந்த வெள்ளிக்குள் முழங்காலை முழுதாக நீட்டவேண்டும்’ என்பது எட்டக்கூடியது.

ஒட்டாவாப் பல்கலைக்கழகத்தில் லிடியா இயெவ்லேவாவும் ரெறி ஓர்லிக்கும் 1991இல் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வு, முழங்கால், கணுக்கால் காயங்களிலிருந்து விரைவாகக் குணமடைந்தோரையும் மெதுவாகக் குணமடைந்தோரையும் ஒப்பிட்டது. விரைவாகத் தேறியோர் இலக்கு வகுத்தல், தமக்குத் தாமே ஊக்கமாகப் பேசுதல், புண் ஆறுவதை மனக்கண்ணில் காணுதல் ஆகியவற்றைக் கூடுதலாகக் கையாண்டிருந்தனர். மனத்தால் எலும்பு ஒட்டும் என்பதற்கு இது சான்றன்று. முப்பதுபேர் அளவிலான ஆய்வு அத்தனை பாரத்தைத் தாங்காது. பயிற்சியை விடாமல் செய்வோர் யார் என்பதை அது காட்டியிருக்கலாம். அதுவே பெரும்பயன். ஆட முடியாத மாதங்களில் பந்தைப் பிடிப்பதையும் எறிவதையும் மனத்தில் ஒத்திகை பார்ப்பது தேர்ந்த வீரர்கள் பலரும் கைக்கொள்ளும் பழக்கம், அதற்குச் செலவுமில்லை.

பின்னர் திரும்பும் நாள் வருகிறது. பலரும் எதிர்பாராத இடர் இங்கே காத்திருக்கிறது. வைத்தியர் ‘ஆடலாம்’ என்கிறார், கால் தயாராயிருக்கிறது, மனம் தயாராயில்லை. ஏசிஎல் அறுவைச் சிகிச்சை பெற்றோர் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து கிளேர் ஆர்டெர்னும் சக ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட முடிவுகளின்படி, 81 விழுக்காட்டினர் ஏதோவொரு விளையாட்டுக்குத் திரும்பினர். 65 விழுக்காட்டினர் பழைய நிலையை எட்டினர். போட்டி விளையாட்டுக்குத் திரும்பியோர் 55 விழுக்காட்டினரே. திரும்பாதோர் பலருக்குத் தடையாயிருந்தது மீண்டும் அடிபடுமோ என்ற அச்சம்.

‘பட்ட காலிலே படும்’ என்று பெரியவர்கள் ஆறுதலாகச் சொல்வதைத்தான் பிள்ளையின் மனம் அச்சமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த அச்சம் மூடத்தனமும் அன்று. 25 வயதுக்குக் குறைந்து, ஏசிஎல் சிகிச்சைக்குப்பின் விளையாட்டுக்குத் திரும்பியோரில் 23 விழுக்காட்டினருக்கு அதே காலிலோ மறுகாலிலோ மீண்டும் அக்காயம் ஏற்பட்டதாக 2016இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு காட்டியது. ஆகவே ‘பயப்படாதே’ என்பதால் பயனில்லை. அச்சத்தைக் கேட்டறிந்து, வலிமைச் சோதனைகளின் அளவுகளைக் காட்டி, நேரோட்டம், திசைமாற்றம், தனிப்பயிற்சி, மோதல் உள்ள பயிற்சி, போட்டி என்று படிப்படியாக ஏற்றுவதே பயன்தரும். இதற்கான மனத்தயார்நிலையை அளக்கும் வினாத்தாள்களை இயன்மருத்துவர்கள் பயன்படுத்துகின்றனர். பெற்றோர் அதைப்பற்றி அவர்களிடம் கேட்கலாம். காயப்பட்ட காலை ஊன்றத் தயங்குவது, பந்துக்காக மோதாமல் ஒதுங்குவது, ஆட்டநாள் காலையில் வயிறு நோவது ஆகியவை மனம் இன்னும் வந்துசேரவில்லை என்பதன் அடையாளங்கள்.

அருகில் ஓர் உதாரணம் இருக்கிறது. ஓட்டவீரர் அந்திரே டி கிராஸ் ஸ்காபரோவில் பிறந்து, தமிழர் செறிந்து வாழும் மார்க்கம் நகரில் வளர்ந்தவர். 2015இல் ரொறன்ரோவில் நடந்த பான் அமெரிக்க விளையாட்டுப் போட்டிகளில் 100 மீற்றரிலும் 200 மீற்றரிலும் தங்கம் வென்றபோது அவர் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக மாணவர். 2016 றியோ ஒலிம்பிக்கில் மூன்று பதக்கங்கள். 2017இல் லண்டன் உலகப் போட்டிகளுக்குச் சற்று முன் தொடையின் பின்தசையில் காயம், போட்டியிலிருந்து விலகினார். 2018இல் அதே தசைப்பகுதியில் மீண்டும் காயம். அந்தப் பருவமும் போயிற்று. 2019இல் டோகாவில் 200 மீற்றரில் வெள்ளியும் 100 மீற்றரில் வெண்கலமும் பெற்றுத் திரும்பினார். டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021 ஆகஸ்ட் 4 அன்று 19.62 வினாடிகளில் 200 மீற்றர் தங்கம் அவருடையதாயிற்று. முதற்காயத்துக்கும் தங்கத்துக்கும் இடையில் நான்கு ஆண்டுகள்.

இக்கதையைக் காயமுற்ற பிள்ளையிடம் சொல்லும்போது அந்த நான்கு ஆண்டுகளையும் சேர்த்தே சொல்லவேண்டும். பதக்கத்தை மட்டும் சொன்னால் அது இன்னொரு சுமை. திரும்பாமல் நின்றுவிடும் பிள்ளையும் தோற்றவர் அல்லர். நடுவராகவும், இளையோர் பயிற்றுநராகவும், இயன்மருத்துவ மாணவராகவும் விளையாட்டை வேறு வாசல்வழி மீண்டும் கண்டடைந்தோர் பலர்.

எப்போது, எங்கே உதவி நாடுவது

காயத்தின்பின் சில நாள் துயரமும் சினமும் இயல்பு. உறக்கமின்மையோ அளவுகடந்த உறக்கமோ, உணவில் நாட்டமின்மை, நண்பர்களைத் தவிர்த்தல், மதிப்பெண் சரிவு, இயன்மருத்துவ நேரங்களைத் தட்டிக்கழித்தல், வலிமாத்திரைகளைக் கேட்காமலே எடுத்தல் ஆகியன இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் குடும்ப வைத்தியரைக் காண வேண்டும். வாழ்வதில் பயனில்லை என்ற பொருளில் பிள்ளை ஏதேனும் கூறினால் இரண்டு வாரம் காத்திருக்கலாகாது. 9-8-8 என்ற எண்ணுக்கு எந்நேரமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். உடனடி ஆபத்தாயின் 911.

வைத்தியரிடம் செல்லும்போது, சிறிது நேரம் பிள்ளை தனியாகப் பேசுவதற்குப் பெற்றோர் வெளியில் அமர்வது நல்ல வழக்கம். ஒன்ராறியோவில் சிகிச்சைக்கு இசைவளிக்கக் குறிப்பிட்ட வயதெல்லை இல்லை; விளங்கிக்கொள்ளும் ஆற்றலே அளவுகோல். வைத்தியர் அவ்வாறு கேட்டால் அது பெற்றோரை அவமதிப்பதன்று. வீட்டில் ஆங்கிலம் நன்கறிந்தவர் காயமுற்ற பிள்ளை மட்டுமே எனில், அப்பிள்ளையையே மொழிபெயர்க்கச் சொல்லாமல் மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது நன்று.

செலவு பற்றிய தயக்கம் பலரைத் தடுக்கிறது. குடும்ப வைத்தியர், மனநல மருத்துவர் ஆகியோரின் சேவைகள் ஓஹிப் அட்டைக்கு உட்பட்டவை. 19 வயதும் அதற்குக் குறைந்தோரும், வைத்தியரின் அல்லது நேர்ஸ் பிராக்டிஷனரின் பரிந்துரையோடு, அரசு நிதிபெறும் இயன்மருத்துவ நிலையங்களில் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். எல்லா நிலையங்களும் இத்திட்டத்தில் இல்லை என்பதால் முன்னரே கேட்டறிய வேண்டும். தனியார் உளவியலாளரின் கட்டணத்தை ஓஹிப் ஏற்பதில்லை; பெற்றோரின் வேலையிடக் காப்புறுதியோ, கல்லூரி மாணவர் காப்புறுதியோ ஒரு பகுதியை ஏற்கக்கூடும். பாடசாலைச் சபைகளின் சமூகப் பணியாளரையும் உளவியல் பணியாளரையும் கட்டணமின்றி அணுகலாம். வகுப்பாசிரியரிடமோ வழிகாட்டல் ஆலோசகரிடமோ கேட்டால் ஏற்பாடு செய்வர்.

12 முதல் 25 வயது வரையுள்ளோர் ஒன்ராறியோ இளையோர் நல்வாழ்வு மையங்களுக்கு எவருடைய பரிந்துரையும் இன்றி நேரே செல்லலாம். கிட்ஸ் ஹெல்ப் போன் சேவையை 1-800-668-6868 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். பேசத் தயங்கும் பிள்ளை 686868 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். அருகில் எந்தச் சேவை உள்ளது என்று தெரியாதோர் 211ஐ அழைத்து ‘தமிழ்’ என்று ஆங்கிலத்தில் ஒரு சொல் சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பர்.

செப்டெம்பரின் கடைசிப் புதன்கிழமை ஒன்ராறியோவில் றோவன் சட்ட நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்த வாரத்தில் வரும் படிவத்தை ஒப்பமிடுமுன் பிள்ளையோடு அமர்ந்து ஒருமுறை வாசிக்கப் பத்து நிமிடம் போதும். வாசித்து முடித்தபின் கேட்கவேண்டியது ஒன்றே: ‘ஆட்டத்தில் அடிபட்டால் முதலில் யாரிடம் சொல்வாய்?’